ரியோ நெக்ரோ மீன் ஓவியங்கள்

ரியோ நெக்ரோ மீன் ஓவியங்கள் என்பவை பிரித்தானிய இயற்கையியலாளரான ஆல்ஃபிரட் ரசல் வாலேசு 1850–1852 காலப்பகுதியில் அமேசானின் கிளையாறுகளில் பயணம் செய்தபோது வரைந்த 212 பென்சில் ஓவியங்கள் ஆகும். டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வுக் கொள்கையைத் தனித்துக் கண்டறிந்தவராகவே வாலேசு பெரிதும் அறியப்படுகிறார். அவர் மீன்களை வரைந்தவர் என்பதைப் பலர் அறியார்.

ஆறு

ரியோ நெக்ரோ என்பதற்குப் போர்த்துக்கேய மொழியில் கறுப்பு ஆறு என்று பொருள். வெள்ளத்தில் மூழ்கும் காட்டின் இலைகள் மட்கிக் கரைவதால் இதன் நீர் பால் கலவாத தேநீரின் நிறத்தைப் பெறுகிறது. அமிலத்தன்மை மிக்க, கனிம உப்புகள் குறைந்த நீர் இது. இத்தகைய நீரில் மீன்வளம் குன்றியிருக்கும் என்று எண்ணத் தோன்றும்; ஆனால் இவ்வாற்றுப் படுகையில் இன்று 1,100-க்கும் மேற்பட்ட மீனினங்கள் அறியப்பட்டுள்ளன. வாலேசு தாம் கண்டவை 205 இனங்கள் என்று கணக்கிட்டார்.

வரைதலும் தீ விபத்தும்

படகில் ரியோ நெக்ரோவிலும் அதன் கிளையாறான உவாப்பேசிலும் சென்ற வாலேசு, பிடிபட்ட மீன்களைப் பார்த்து வரைந்தார். இறந்த மீனின் நிறம் விரைவில் மங்கிவிடும். சாராயத்தில் இட்டுப் பாதுகாத்தாலும் நிறம் நிலைப்பதில்லை. ஆகவே வரைவதைத் தள்ளிப்போட இயலாது.

1852 சூலை 12 அன்று பாரா நகரிலிருந்து (இன்றைய பெலெம்) எலன் என்ற கப்பலில் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டார். ஆகத்து 6 அன்று நடு அத்திலாந்திக்கில் கப்பல் தீப்பற்றியது. சேகரித்த உயிரின மாதிரிகள், பெரும்பாலான குறிப்புகள், உடன் கொண்டுவந்த குரங்குகள், கிளிகள் ஆகியவை ஏறத்தாழ முழுவதும் அழிந்தன. மீன், பனைமர ஓவியங்கள் இருந்த சிறு தகரப் பெட்டியை மட்டுமே அவரால் எடுக்க முடிந்தது. பத்து நாட்கள் திறந்த படகில் மிதந்த பின்னரே வேறொரு கப்பல் மீட்டது. பனைமரங்கள் 1853 இல் நூலாயின; மீன்களுக்கு அந்த வாய்ப்பு அப்போது கிட்டவில்லை.

இனங்காணல்

வாலேசு 1904 இல் ஓவியங்களைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அளித்தார். மீனியலாளர் சார்லசு டேட் ரீகன் அவற்றை ஆராய்ந்து 1905 இல் எழுதினார். முழுத் தொகுப்பும் மோனிக்கா டி டொலேடோ-பீசாவின் பதிப்பில் 2002 இல்தான் பிரேசிலில் வெளிவந்தது. வரைந்து ஏறத்தாழ 150 ஆண்டுகள்!

மாதிரி மீன் இல்லாமல் ஓவியத்தை மட்டும் கொண்டு இனங்காண்பது எளிதன்று. உடலமைப்பு, துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை ஆகியவை ஓவியத்தில் தெரியும். ஆனால் பல் அமைப்பைக் கொண்டே பிரித்தறியப்படும் இனங்கள் உண்டு. அவற்றிற்கு மீனின் வாயைத் திறந்து பார்த்தாக வேண்டும். எனவே சில ஓவியங்களைப் பேரினம் வரையிலேயே அடையாளப்படுத்த முடிகிறது.

நிறத்தின் பங்கும் சிறிதன்று. மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் கார்டினல் டெட்ரா (1956 இல் விவரிக்கப்பட்டது), பச்சை நியான் டெட்ரா (1963) இரண்டும் ரியோ நெக்ரோவில் வாழ்பவை. முன்னதன் உடலின் கீழ்ப்பாதி முழுதும் அடர் சிவப்பு. பின்னதில் சிவப்பு மங்கலானது. நிறமற்ற பென்சில் கோடுகளில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது கடினம்.

ஓவியங்கள் தற்போது இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.