நடவு வயலுக்குச் சுடுசோறு வேண்டும்

காலை 4 மணிக்கு உலையில் வெந்த சோறு பகல் 1 மணிக்கு வரப்பில் உண்ணப்படுகிறது. நடுவே 9 மணி நேரம். காவிரிப் படுகையில் குறுவை நடவும் சம்பா நடவும் நடக்கிற நாட்களில் வயலில் இறங்கும் பெண்களின் பகலுணவு இப்படித்தான் கழிகிறது. ஊருக்கெல்லாம் சோறு தருகிறவள் தன் சோற்றைச் சூடாகக் காண்பது இரவு ஒரு வேளைதான். இதை வீட்டு விவகாரம் என்று எல்லோரும் ஒதுக்கிவிடுகிறார்கள். இல்லை தோழர்களே, இது கூலி விவகாரம் என்று நாம் சொல்கிறோம்.

எப்படி என்று பாருங்கள். நடவுக்குப் போகும் பெண் கோழி கூவுமுன் எழுகிறாள். அடுப்பை மூட்டிச் சோறு வடித்து, ஒரு குழம்பைக் கூட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கிறாள். புருஷனுக்கு ஒரு தூக்குவாளி, தனக்கு ஒரு தூக்குவாளி, இரண்டையும் கட்டுகிறாள். 6 மணிக்குச் சாலையில் லோடு ஆட்டோ வந்து நிற்கும். ஏறாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. முதல் நாற்று முடியைப் பிரிக்கும் நேரத்திலிருந்துதான் கூலிக் கணக்கு தொடங்குகிறது. அதற்கு முன் அவள் உழைத்த 2 மணி நேரம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. வயலில் நிற்கும் உடலுக்குச் சோறு இல்லாமல் வேலை நடக்குமா? நடக்காது என்றால், அந்தச் சோற்றைச் சமைத்துக் கட்டிய உழைப்பும் நடவு வேலையின் ஒரு பங்கு அன்றோ? (இதைப் படிக்கும் தோழர் தம் தூக்குவாளியை இன்று காலை கட்டிக் கொடுத்தது யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.)

முன்பெல்லாம் வேலை செய்யும் வயல் குடிசைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. வீட்டில் இருக்கும் கிழவியோ சிறு பிள்ளையோ தலையில் சும்மாடு வைத்துக் கஞ்சிக் கலயத்தைச் சுமந்து வரும். உச்சி வேளைக்குக் கஞ்சி வெதுவெதுப்பாகவாவது கிடைக்கும். இன்று பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது; அங்கேதான் இருக்க வேண்டும். நடவு ஆட்களோ உள்ளூரில் மட்டும் வேலை செய்வதில்லை. ஆள் கிடைக்காத ஊருக்கு வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். 10 மைல், 15 மைல் தள்ளிக்கூடப் போகிறார்கள். அவ்வளவு தூரத்துக்குச் சோறு கொண்டுபோக வீட்டில் ஆள் ஏது? ஆகவே காலையிலேயே கட்டிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை.

கட்டிக்கொண்டு போகும் சோறு என்ன ஆகிறது? வடித்த சூட்டோடு மூடிய பாத்திரம் மெல்ல ஆறி, வெதுவெதுப்பான நிலையில் நெடுநேரம் கிடக்கிறது. அந்த வெதுவெதுப்புதான் ஆபத்து. சோற்றில் வேகவைத்தாலும் சாகாத ஒருவகை நுண்ணுயிர் வித்து உண்டு. 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை அது தலைதூக்காது. அதற்குக் கீழே இறங்கி வரப்பு வெயிலில் மணிக்கணக்காகக் கிடந்தால் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மறுநாள் வேலை போகும், கூலியும் போகும். தேங்காய் சேர்த்த குழம்பு உச்சி வேளைக்குள் ஊசிப்போவதை நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அவர்கள் புளிக்குழம்பும் ஊறுகாயும் கொண்டுபோகிறார்கள். தயிர்ச்சோற்றில் பாலை நிறைய விட்டு உறைமோரைக் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். பழைய சோற்றின் புளிப்பே அதற்குக் காவல். வெயிலில் உப்பும் நீரும் இழக்கும் உடலுக்கு நீராகாரம் நல்ல உணவு என்பதையும் நாம் மறுக்கவில்லை. காலையில் விரும்பிக் குடிக்கட்டும். ஆனால் வேறு வழியில்லாமல் பகலிலும் ஆறின சோறே கதி என்று இருப்பது விருப்பம் ஆகாது.

இங்கே பண்ணைக் கஞ்சியின் பழங்கதையைச் சொல்லாமல் நகர முடியாது. வயலுக்குக் கஞ்சி வந்த காலம் ஒன்று தஞ்சைத் தரணியில் இருந்தது. ஆனால் அது யாருடைய கஞ்சி? பண்ணையாரின் கஞ்சி. சாணிப்பாலும் சவுக்கடியும் புழங்கிய அதே களத்தில் ஊற்றப்பட்ட கஞ்சி. குடித்தவன் எதிர்த்துப் பேச முடியாது. பேசினால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள். கூலியைக் குறைத்ததும் அந்தக் கஞ்சியைக் காட்டித்தான். பல வட்டாரங்களில் சாப்பாட்டுக் கூலி என்றும் வெறுங்கூலி என்றும் இரண்டு விகிதம் இருந்ததை மூத்த தோழர்கள் அறிவார்கள். சங்கம் கட்டிப் போராடி, 1944-இல் மன்னார்குடி உடன்பாடு, 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் என்று படிப்படியாகப் பெற்றோம். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டதை இந்த மண் மறக்காது. பண்ணைக் கஞ்சியை உதறிவிட்டு, கூலியைக் கையில் கொடு, சோற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நம்மவர்கள் நிமிர்ந்து சொன்னது பெரிய வெற்றி. ஆனால் அந்த வெற்றியின் சுமை யார் தலையில் இறங்கியது? 4 மணிக்கு அடுப்பூதும் பெண்ணின் தலையில். ஆண்கள் நடத்திய சங்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சு அதிகம் எழவில்லை என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் பக்கம் திரும்புவோம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் வைக்கச் செய்யலாம் என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் எழுதியது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆக்கியது. ஆலை வேறு, வயல் வேறு என்பார்கள். சரி. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? 150 பேர் வேலை செய்யும் தோட்டத்தில் உணவகம் வைக்கும்படி விதி செய்ய மாநில அரசாங்கத்துக்கு அதிகாரம் தந்தது. தேயிலைக் கொழுந்து பறிப்பதும் மண்ணில் செய்யும் வேலைதானே? நீலகிரியில் கொழுந்து கிள்ளும் கைக்குச் சட்டம் உணவகத்தை நினைத்தது. நீடாமங்கலத்தில் நாற்று நடும் கைக்கு நினைக்கவில்லை. தோட்டத்துக்கு ஒரு முதலாளி, ஒரு வருகைப் பதிவேடு உண்டு; வயலில் இன்று ஒரு மிராசு, நாளை ஒரு சிறு விவசாயி. வேறுபாடு அவ்வளவே. 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம்கூடப் பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று எழுதியதே தவிர, சோற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நகரத்தைப் பாருங்கள். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் 1 ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் கொடுத்தார்கள். சுமை தூக்குபவரும் ரிக்‌ஷாக்காரரும் பசியாறினார்கள், நல்ல காரியம். பம்பாயில் 1890-இலிருந்து டப்பாவாலாக்கள் குமாஸ்தாவின் வீட்டுச் சோற்றை ரயிலேற்றி, அவர் மேஜைக்கே கொண்டுபோய் வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு விரிந்தது; 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாகப் பெருகியது. 2022-இல் காலை உணவும் சேர்ந்து, 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் மாநிலம் முழுவதற்குமாக விரிவாக்கப்பட்டது. அந்தத் திருக்குவளை இதே காவிரிப் படுகையில்தான் இருக்கிறது. பிள்ளை பள்ளியில் சூடான உப்புமா உண்ணும் நேரத்தில் தாய் சேற்றில் குனிந்து நிற்கிறாள். பிள்ளைக்குக் கொடுத்தது தவறு என்று யார் சொல்வார்? ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு நாள்தோறும் சமைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிகிறது என்பதற்கு அதுவே சாட்சி என்கிறோம்.

ஆகாத காரியம் என்பவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவோம். 40 பேர் கொண்ட ஒரு நடவுக் கூட்டம். ஆளுக்கு 200 கிராம் அரிசி என்றால் 8 கிலோ. சாம்பாருக்கு ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு. நாலு கிலோ காய். புளி, மிளகாய், எண்ணெய், நீர்மோருக்குக் கொஞ்சம் தயிர். இதைச் சமைக்க இரண்டு பெண்களுக்கு மூன்று மணி நேரம் போதும். 8 மணிக்கு மேல் அடுப்பு மூட்டினால் 11 மணிக்கு இறக்கிவிடலாம். அரிசிக்குப் பஞ்சமில்லை, 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கினார்கள். பஞ்சம் நேரத்துக்கும் விறகுக்கும் கைகளுக்கும்தான்.

சூடு ஆறாமல் கொண்டுபோகும் வழியும் நம் களத்திலேயே கிடக்கிறது. வெந்த சோற்றைக் கொதிநீரில் அலசிய அண்டாவில் விளிம்பு மட்டும் நிரப்பி, இறுக மூடி, வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் இறக்க வேண்டும்; மேலே சாக்கு, அதன்மேல் மீண்டும் வைக்கோல். சாம்பாருக்குத் தனிப் பெட்டி. பாத்திரம் அரைகுறையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். நிரம்பியிருந்தால் சில மணி நேரம் நிற்கும். உலகப் போர்க் காலத்தில் எரிபொருளை மிச்சப்படுத்த இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பரப்பிய முறை இது. வைக்கோலுக்கு நாம் இங்கிலாந்துக்கா போக வேண்டும்? தனித்தனிப் பொட்டலமாகத்தான் வேண்டும் என்றால் வாழையிலையை அனலில் வாட்டிக் கட்டலாம். வாட்டிய இலை கிழியாது. செய்தித்தாளில் சோறு கட்ட வேண்டாம், மை வயிற்றுக்குள் போகும். நம் பத்திரிகையே ஆனாலும் படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றுவதும் ஆகாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரியிலேயே தடை செய்தாயிற்று.

வண்டிக்கு என்ன செய்வது? காலையில் ஆட்களை இறக்கிய அதே லோடு ஆட்டோ பகல் 12 மணிக்கு அண்டாவோடு ஒருமுறை வரட்டும்.

விளைச்சல் விலையே கட்டவில்லை, சோறு வேறா என்று நிலக்காரர் கேட்பார். சிறு விவசாயியின் கஷ்டம் நமக்குத் தெரியும். அவரும் நம் ஆள்தான். அவர் தலையில் இதைக் கட்ட நாம் சொல்லவில்லை. நிலக்காரர் கையால் சோறு வேண்டாம் என்பதே நம் நிலை. சமைப்பது ஊரிலுள்ள பெண்கள் கூட்டுறவாக இருக்கட்டும். சமைக்கும் பெண்ணுக்கு நடவுப் பெண்ணுக்குரிய அதே கூலி கிடைக்கட்டும். செலவை அரசாங்கமும் ஊராட்சியும் ஏற்கட்டும். சோற்றின் பேரால் கூலியில் ஒரு காசும் பிடிக்கக்கூடாது என்று எழுத்தில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் பழைய பண்ணைக் கஞ்சி புதிய பாத்திரத்தில் வந்து சேரும். எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே அண்டாவிலிருந்து, ஒரே மாதிரித் தட்டில் உண்ண வேண்டும். கொட்டாங்கச்சியில் டீ ஊற்றிய ஊர்கள் இவை. தட்டு விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

தில்லி எல்லையில் 2020 நவம்பர் முதல் 2021 டிசம்பர் வரை போராடிய பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் சாலை ஓரத்தில் அடுப்பு மூட்டி, ஓராண்டுக்கு மேல் வந்தவர்க்கெல்லாம் சூடாக ரொட்டியும் பருப்பும் பரிமாறினார்கள். அங்கே ஆண்களும் மாவு பிசைந்தார்கள், ரொட்டி சுட்டார்கள். நம் ஊரில் சங்கக் கிளைகள் ஒரு நடவுப் பருவத்துக்கு மட்டும் இப்படி ஓர் அடுப்பை நடத்திக் காட்டினால், கோரிக்கைக்கு வலு வேறு மாதிரி இருக்கும்.

மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும் தோழர்கள் வெறுங்கையோடு போக வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் எத்தனை பேர், எந்தெந்த ஊருக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்குச் சமைத்து எத்தனை மணிக்கு உண்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்கும்போது பெண்களையே கேளுங்கள். தீர்மானத்தை முன்மொழிபவரும் அவர்களில் ஒருவராக இருக்கட்டும்.