நிலவைவிடத் தூரமான கைப்பேசி

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04 மணி. சந்திரயான்-3 சுமந்துபோன விக்ரம் என்ற கலம், நிலவின் தென் துருவப் பகுதியில் பத்திரமாகத் தரையிறங்கியது. இஸ்ரோவின் யூடியூப் நேரலையை அப்போது ஒரே சமயத்தில் 80 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெரிய திரை கட்டி எல்லோரும் சேர்ந்து பார்த்ததும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோமா? நிலவு நம்மிடமிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியானால் விக்ரம் அனுப்பும் செய்தி பூமிக்கு வந்து சேர ஏறக்குறைய ஒன்றேகால் நொடி போதும். ஆனால் பெங்களூருவில் கட்டுப்பாட்டு அறையில் விஞ்ஞானிகள் கைதட்டுவது, இப்படிப்பட்ட நேரலையில் உங்கள் கைப்பேசிக்கு வந்து சேரப் பத்து நொடி, இருபது நொடிகூட ஆகும். நிலவிலிருந்து வரும் செய்தியைவிடப் பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் படம் பல மடங்கு தாமதம்!

இணையக் கம்பி மெதுவானதா என்றால், இல்லவே இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. பெங்களூருவிலிருந்து சென்னை வருவதற்கு ஒரு நொடியை 500 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஆகும். பூமிப்பந்தில் நமக்கு நேர் எதிர்ப்பக்கம் போவதற்கும் நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். பயணத்தில் நேரம் போகவில்லை. அங்கங்கே நின்று காத்திருப்பதில்தான் போகிறது.

முதல் காத்திருப்பு கேமராவுக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. நல்ல தெளிவான வீடியோவில் ஒரு படத்துக்கு 20 லட்சம் புள்ளிகள் இருக்கும். ஒரு நொடிக்கு 25 படம் என்றால் 5 கோடி புள்ளிகள். அவ்வளவையும் அப்படியே அனுப்பினால் சாதாரண வீட்டு இணையம் தாங்காது. அதனால் ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, அதற்கு அடுத்த படங்களில் எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் சொல்லி அனுப்புவார்கள். கிரிக்கெட் ஆட்டத்தில் புல்தரை மாறுவதில்லை, ஓடிவரும் பந்துவீச்சாளர்தான் மாறுகிறார். எது மாறியது என்று கண்டுபிடிக்க, வீடியோவைச் சுருக்கும் இயந்திரம் சில படங்களைச் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

பெரிய தாமதம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. 2009-இல் ஆப்பிள் நிறுவனம் ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனிக் கோப்பாக அனுப்புவது. ஆரம்பத்தில் ஒரு துண்டுக்கு 10 நொடி என்றார்கள், பிறகு 6 நொடி ஆக்கினார்கள். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 6 நொடித் துண்டு முழுமையாக வேண்டுமானால், 6 நொடியும் நடந்து முடிந்திருக்க வேண்டும். துண்டின் தொடக்கத்தில் சிக்ஸர் பறந்திருந்தாலும், மிச்ச நொடிகள் முடியும்வரை அது வாசலைத் தாண்டாது. உங்கள் கைப்பேசியும் வந்த உடனே காட்டிவிடாது. கடைசி முனையிலிருந்து மூன்று துண்டு பின்தங்கி நின்றுதான் ஓட்டத் தொடங்கும். மூவாறு பதினெட்டு. முதலில் சொன்ன அந்த இருபது நொடித் தாமதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டதா?

எதற்காக இப்படிப் பின்தங்க வேண்டும்? உங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டியைப் பாருங்கள். தெருக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும், தொட்டியில் இருப்பு இருப்பதால் சமையலறைக் குழாயில் தடையில்லாமல் கொட்டுகிறது. கைப்பேசி சேர்த்துவைக்கும் துண்டுகளும் அந்த இருப்புதான். இதைத்தான் பஃபர் என்கிறார்கள். நீங்கள் பேருந்தில் போகும்போது சிக்னல் சில நொடி விட்டுப்போனாலும் படம் நிற்காமல் ஓடுவது இதனால்தான். இருப்பு தீர்ந்துபோனால் திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

துண்டு போடுவதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. கோப்பாக இருந்தால் நகல் எடுத்து ஊர் ஊராக இருக்கும் சர்வர்களில் வைத்துவிடலாம். பார்ப்பவர் எல்லோரும் ஒரே இடத்தில் போய் முட்டிமோத வேண்டியதில்லை. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் முக்கால் பங்கு! இத்தனை பேருக்கும் படம் போய்ச் சேர்ந்ததை நான் பெரிய சாதனை என்றே சொல்வேன். அதற்குக் கொடுத்த விலைதான் இந்தத் தாமதம்.

சும்மா உட்கார்ந்து பார்ப்பவருக்கு 18 நொடி பெரிய விஷயமில்லை. பக்கத்து வீட்டு டிவி முந்திக்கொண்டு, “அவுட்!” என்று கத்தும்போதுதான் வயிற்றெரிச்சல். திரும்பப் பதில் பேச வேண்டிய இடத்தில் கதையே வேறு. நேரலை வகுப்பில் ஆசிரியர், “ஏழாவது கணக்கு புரிஞ்சுதா?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வி உங்களுக்கு வந்து சேரவே பல நொடி. நீங்கள் “இல்ல மிஸ்” என்று சாட்டில் தட்டினால், அது துண்டு துண்டாகப் போகாது, ஒரு நொடிக்குள் போய்விடும். ஆனால் அவர் அதற்குள் எட்டாவது கணக்கைப் பாதி போட்டிருப்பார். உங்கள் “இல்ல மிஸ்” எந்தக் கணக்குக்கு என்று அவருக்குத் தெரியாது. நேரில் பேசும்போது ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க நாம் எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அவ்வளவு வேகத்துக்குப் பழகிய காதுக்கு இருபது நொடி மௌனம் மிக நீளம்.

இந்தத் தாமதத்தோடு ஒரு பெரும் கூட்டமே மல்லுக்கட்டிய சம்பவம் உண்டு. 2014 பிப்ரவரி 12 அன்று ட்விச் என்ற நேரலைத் தளத்தில் ஒருவர் போக்கிமான் ரெட் விளையாட்டை ஓடவிட்டார். ஆனால் அவர் விளையாடவில்லை. பார்ப்பவர்கள் சாட்டில் மேலே, கீழே, இடது, வலது என்று தட்டினால், ஒரு நிரல் அதைப் படித்து அந்தப் பொத்தானை அழுத்தும். திரையில் தெரிந்த படமோ இருபது நொடிக்கும் மேல் பழையது. விளையாட்டில் வரும் பையன் படிக்கட்டுக்கு முன்னால் நிற்பதாக நினைத்து எல்லோரும் “மேலே” என்று தட்டுவார்கள். உண்மையில் அவன் எப்போதோ வேறு பக்கம் போயிருப்பான். சில இடங்களில் ஒரு மேட்டின் ஓரமாகவே நடந்து போக வேண்டும். ஒரே ஒரு “கீழே” விழுந்தால் போதும், பையன் குதித்துவிடுவான், பழைய வழியில் சுற்றி வந்து மறுபடி தொடங்க வேண்டும். அப்படிப்பட்ட மேட்டை நெருங்கும்போது, இப்போது தெரியும் படத்தை நம்பாமல் அடுத்து எங்கே இருப்பான் என்று யோசித்துத் தட்ட வேண்டியிருந்தது.

ஒரு புதிர் அறையில் மாட்டிக்கொண்டு வெளியே வரவே முடியாமல் போனபோது, விளையாட்டை நடத்தியவர் வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார். சில நொடிகள் எல்லோருடைய கட்டளைகளையும் சேர்த்து எண்ணி, அதிகம் பேர் சொன்னதை மட்டும் செய்வது. முடிவு வரும்வரை பையன் நின்ற இடத்திலேயே நிற்பதால் பழைய படத்தால் வரும் குழப்பம் குறைந்தது. 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கைவைத்த அந்த விளையாட்டு மார்ச் 1 அன்று வெற்றியோடு முடிந்தது. இதில் என்னைக் கவர்வது வாக்கெடுப்புதான். தாமதத்தை ஒழிக்க முடியாதபோது, அது தொந்தரவு செய்யாதபடி விளையாட்டின் விதியை மாற்றினார்கள்.

தாமதத்தையே குறைக்கவும் வழிகள் உண்டு. வீடியோ காலில் துண்டும் இல்லை, பெரிய இருப்பும் இல்லை, வந்ததும் காட்டிவிடும். அதனால்தான் உங்கள் பாட்டியோடு தடையில்லாமல் பேச முடிகிறது, சிக்னல் கெட்டால் பாட்டியின் முகம் கட்டம் கட்டமாக உடைவதும் அதனால்தான். நேரலைக்காகவும் 2019-இல் ஆப்பிள் புது முறையை அறிவித்தது. 6 நொடித் துண்டு முடியும்வரை காத்திராமல், அதைக் குட்டித் துண்டுகளாக உடனுக்குடன் அனுப்பிவிடுவது. சதுரங்கத்தில் இதற்கு நேர்மாறு நடக்கிறது. 2022-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த சிங்க்ஃபீல்ட் கோப்பையில் நேரலையை வேண்டுமென்றே 15 நிமிடம் தாமதப்படுத்தினார்கள். வெளியே இருந்து பார்த்து யாரும் ஆட்டக்காரருக்குத் துப்புக் கொடுத்துவிடக் கூடாதே!

அடுத்த கிரிக்கெட் ஆட்டம் வரும்போது நீங்களே இதை அளக்கலாம். டிவியிலும் கைப்பேசியிலும் ஒரே ஆட்டத்தை ஓடவிடுங்கள். டிவியில் பந்து மட்டையில் படும்போது ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, அதே பந்து கைப்பேசியில் மட்டையில் படும்போது நிறுத்துங்கள். பக்கத்தில் இன்னொரு கைப்பேசி இருந்தால் அதையும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிறகு ஒரு கைப்பேசியில் படத்தைச் சற்று நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டு அளந்தால் தாமதம் கூடியிருக்கும். ‘லைவ்’ என்று எழுதிய பொத்தானைத் தட்டினால் குறையும். ஆனால் எத்தனை தடவை தட்டினாலும் டிவியைப் பிடிப்பது கடினம், கைப்பேசி தன் இருப்பை முழுதாகக் காலி செய்யச் சம்மதிக்காது.