இதயக் குழாய்ச் சிகிச்சையை எங்கே செய்துகொள்வது?

நூல் வாங்கச் செல்லும் நெசவாளர் நம்பரைக் கேட்டு, சிட்டத்தைப் பிரித்துப் பார்த்த பின்னரே விலை பேசுகிறார். விதை மஞ்சள் வாங்கும் குடியானவர் கிழங்கை உடைத்துப் பார்க்காமல் மூட்டையைத் தூக்குவதில்லை. ஆனால், நெஞ்சு நோவென்று மருத்துவமனை சென்று, "ஸ்டென்ட் வைக்க வேண்டும்" என்ற சொல்லைக் கேட்டவுடன், இவ்விருவருமே ஒன்றும் வினவாமல் கையொப்பமிட்டு விடுகின்றனர். பிறகு தறியை விற்பதும், காட்டை அடமானம் வைப்பதும் நேர்கின்றன. இது குறித்து அங்கத்தினர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டுவனவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் கொழுப்புப் படிந்து வழி குறுகும்போது, மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி, சிறு பலூனால் அடைப்பை விரித்து, மீண்டும் மூடாதபடி உலோக வலைக்குழல் ஒன்றைப் பொருத்துகின்றனர். அவ்வலைக்குழலே ஸ்டென்ட். பலூன் முறையை 1977இல் சூரிச் நகரில் டாக்டர் குருன்ட்சிக் முதன்முதலாகச் செய்து காட்டினார். ஸ்டென்ட் 1986இல் பிரான்சு நாட்டில் முதன்முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

எங்கே செய்துகொள்வது என்ற கேள்விக்கு விடை ஒன்றல்ல, இரண்டு. மாரடைப்பு வந்தவருக்கு ஒரு விடை. நடந்தால் மட்டும் நெஞ்சு இறுகி, நின்றால் தணிகின்ற நோயாளிக்கு வேறொரு விடை.

மாரடைப்பில் காலமே மருந்து. பவானியிலோ நெகமத்திலோ ஒருவர் வியர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டால், கோயமுத்தூரில் எந்த மருத்துவமனை பெயர் பெற்றது என்று உறவினர் கூடி ஆலோசித்துக் கொண்டிருத்தல் தகாது. 108ஐ அழைத்து, இ.சி.ஜி. எடுக்கக்கூடிய அண்மையிலுள்ள மருத்துவமனைக்குச் செல்வதே முறை. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகள் தரப்படுகின்றன. நோய் உறுதியானதிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் பலூன் சிகிச்சை கிட்டாதெனில், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு, பின்னர்ப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவர்.

இவ்வேற்பாடு பயன் தருமா என்பதை நம் மாநிலத்திலேயே சோதித்திருக்கின்றனர். கோவை மெடிக்கல் சென்டரைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை டாக்டர் அஜித் முல்லசாரியும் முன்னின்று, 2012 முதல் 2014 வரை, சிறு மருத்துவமனைகளை நான்கு பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, 2,420 நோயாளிகளைக் கவனித்து வந்தனர். இணைப்பிற்கு முன் நூற்றுக்கு 17.6 பேர் ஓராண்டுக்குள் மாண்டனர். இணைப்பிற்குப் பின் அது 14.2 ஆகக் குறைந்தது. ஆயிரம் பேருக்கு 34 உயிர்கள்! சிறியனவும் பெரியனவும் கை கோத்துக் கொண்டால் என்ன விளையும் என்பதற்குக் கூட்டுறவாளர்களாகிய நமக்கு வேறு சான்று வேண்டுமோ?

இரண்டாவது வகை நோயாளிக்கு அவசரமில்லை, நிதானமே வேண்டும். 5,179 பேரைக் கொண்டு பல நாடுகளில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நிலையாக உள்ள நோய்க்கு முதலிலேயே ஸ்டென்டோ அறுவையோ செய்தவர்களும், மருந்தோடு தொடங்கியவர்களும் மரணத்திலும் மாரடைப்பிலும் பெரும் வேறுபாடு காட்டவில்லை. நெஞ்சு வலி தணிவதில் மட்டும் முன்னவர் கூடுதல் நலம் பெற்றனர். இடப்புறத் தலைக்குழாயில் அடைப்புள்ளோருக்கு இது பொருந்தாது. ஆதலின், குழாய்ப் படத்தின் குறுந்தகட்டையும் அறிக்கையையும் கேட்டுப் பெற்று, இன்னொரு இதய மருத்துவரிடம் காட்டுதல் குற்றமன்று. அது நோயாளியின் உரிமை.

மருத்துவமனையைத் தேரும்போது கேட்க வேண்டியவை சில. ஒவ்வொரு நாளும் இச்சிகிச்சை நடைபெறுகிறதா? இரவிலும் மருத்துவர் வருவாரா? இடையில் சிக்கல் நேர்ந்தால் அறுவைக்கு வசதி உண்டா? பளிங்குத் தரையும் குளிர்ந்த அறையும் இவற்றிற்கு விடையாகா. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இச்சிகிச்சைக் கூடம் உண்டென்பதை மறந்துவிடலாகாது.

விலை பற்றியும் ஒரு சொல். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும், வெறும் உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும் உச்ச விலை விதித்தது. அதன் பின் இவ்விலை திருத்தப்பட்டு வருகிறது. உச்ச விலை என்ற கட்டு மட்டும் நீடிக்கிறது. ஸ்டென்டின் விலை, பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவற்றை மருத்துவமனை தனியே பில்லில் காட்ட வேண்டும். அறை வாடகையும் பிற கட்டணங்களும் இந்த உச்ச விலைக்குள் அடங்கா. ஆகவே முழுச் செலவையும் முன்னதாக எழுத்தில் கேட்பது நலம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்தினர்க்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. பட்டியலில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். நோய் வந்தபின் அட்டைக்கு அலைவதைவிட, இன்றே பெற்று வைப்பது அறிவுடைமை.

ஸ்டென்ட் வைத்ததோடு வேலை முடிந்ததெனக் கருதற்க. இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரைகளை, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, மருத்துவர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளக்கூடும். பீடி, சுருட்டு, புகையிலையைக் கைவிடாதவருக்கு எந்த மருத்துவமனையும் துணை நில்லாது.

ஒவ்வொரு சங்கமும் தன் ஊருக்கு அண்மையில் இரவிலும் இயங்கும் இதயச் சிகிச்சைக் கூடம் எதுவென விசாரித்தறிந்து, அலுவலகச் சுவரில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். காப்பீட்டு அட்டை இல்லாத அங்கத்தினர் எத்தனை பேர் என்பதை வரும் மகாசபையிலேயே கணக்கெடுக்கலாம். இதற்குச் செலவில்லை. ஒரு குடும்பத்தின் தறியும் காடும் இதனால் காப்பாற்றப்படுமாயின், சங்கத்தின் ஆதாயங்களில் அதுவும் ஒன்றாகும்.