மாவுச்சத்து ஏடும் மதுரை வியாபாரியும்

ஒருமுறை உபயோகித்து எறியப்படும் பிளாஸ்டிக் சாமான்களில் 14 வகைகள் 2019-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டன. 2022-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் இத்தகைய சாமான்கள் சிலவற்றிற்கு இந்தியா முழுவதிலும் தடை ஏற்பட்டது. இவை நியாயமான தடைகளே. வைகை மணலிலும், வண்டியூர்க் கண்மாய்க் கரையிலும், அவனியாபுரம் வெள்ளைக்கல்லில் மலையெனக் குவிந்த குப்பையிலும் பாலிதீன் செய்திருக்கும் கேட்டினை மதுரைவாசிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஒன்றை விலக்குகிற சட்டம் அதன் ஸ்தானத்தில் எதை வைப்பது என்பதையும் யோசித்தாக வேண்டும். அந்த யோசனை இன்னும் பூர்த்தியாகவில்லை என்பதே நமது முறையீடு.

2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சர்க்கார் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கினர். மாட்டுத்தாவணியில் கத்தரிக்காய் வாங்குகிறவருக்கு மஞ்சப்பை போதும். நறுக்கிய பழத்தையும், இட்லி மாவையும், இறைச்சியையும் விற்கிற சிறு வியாபாரி என் செய்வார்? ஈரமுள்ள பண்டம் துணிப்பையில் நில்லாது. வாழையிலையில் நெடுநேரம் கெடாதிராது. பெரிய கம்பெனிகளின் பிஸ்கட்டும் நொறுக்குத் தீனியும் பிளாஸ்டிக் உறையிலேயே கடைக்கு வந்து சேருகின்றன; அபராதம் கட்டுகிறவரோ தள்ளுவண்டிக்காரர். சட்டத்தின் பாரம் எளியவர் தலையில் மட்டும் விழுமாயின், அச்சட்டத்தை ஜனங்கள் மதிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது வீண்.

மாற்று என்று விஞ்ஞானிகள் காட்டும் பொருள்களுள் ஒன்று மாவுச்சத்து ஏடு. பெயர் புதிது, பொருள் பழையது. ஆறிய கஞ்சியின்மேல் ஆடை படிவதையும், வற்றல் போட்ட துணியில் கூழ் காய்ந்து தாள்போல் உரிவதையும் காணாத வீடு நம் நாட்டில் இல்லை. செல்லூர் நெசவாளர் பாவுக்குக் கஞ்சியிடுவதும் இதே குணத்தை நம்பியே. மாவுச்சத்தின் மணிகள் வெந்நீரில் ஊதி உடைகின்றன; அவற்றிலிருந்து வெளிப்படும் நீண்ட மூலக்கூறுகள் காயும்போது ஒன்றோடொன்று பிணைந்து ஏடாகின்றன. தனியே விட்டால் அது அப்பளம்போல் நொறுங்கும். சிறிது கிளிசரின் சேர்த்தால் வளைந்து கொடுக்கும். உலர்ந்த நிலையில் அது பிராணவாயுவை எளிதில் உட்புக விடாது.

இத்துடன் கிருமிகளைத் தடுக்கும் பொருள்களையும் அந்த ஏட்டிலேயே கலக்கலாம். உணவு கெடுவது பெரும்பாலும் மேற்பரப்பிலேயே ஆரம்பிக்கிறது. கிராம்பிலுள்ள யூஜினால், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், பாலைப் புளிக்கச் செய்யும் ஒருவகை நுண்ணுயிர் உண்டாக்கும் நைசின் ஆகியவற்றை ஏட்டில் சேர்த்துப் பரீட்சித்திருக்கிறார்கள். மருந்தை உணவு முழுவதிலும் கலவாமல், கிருமி முளைக்கும் இடத்தில் மட்டும் சிறுகச் சிறுகக் கசியச் செய்வதே இதன் தந்திரம். 2023-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற நமது சோழவந்தான் வெற்றிலையின் காரத்திற்குக் காரணமான பொருள்களும் கிருமியைத் தடுக்கும் இனத்தைச் சேர்ந்தவையே.

மூலப்பொருளுக்கு நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. யுத்தத்தினால் ஜவ்வரிசி இறக்குமதி நின்றிருந்த 1943-ம் வருஷத்தில், மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதனைச் செய்யும் தொழில் சேலத்தில் தோன்றிற்று. 1981-ல் அங்கே சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மரவள்ளி முதலிய கிழங்குப் பயிர்களை ஆராய்வதற்கென்றே 1963 முதல் திருவனந்தபுரத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருந்துவருகிறது. பேரையூர், தே. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலங்களில் மக்காச்சோளம் விளைகிறது. உண்ணும் பொருளை உறையாக்கலாமா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். கிழங்கை அரைத்துப் பாலெடுத்த பின் மிஞ்சும் திப்பியிலும் மாவுச்சத்து நிறைய உண்டு. முதலில் அதனை உபயோகிக்கட்டும். விவசாயியின் விளைபொருளுக்கு இரண்டாவது கிராக்கி ஏற்படுவது நன்மையே.

இதன் குறைகளை மறைத்துப் பேசுவது தேசத்தொண்டாகாது. மாவுச்சத்துக்கு நீரே சத்துரு. வெறும் ஏட்டில் சுடு சாம்பாரைக் கட்டினால் வீடு சேருமுன் கரைந்துபோம். ஆகையினால் வேறு பொருள்களுடன் அதைக் கலந்து பைகள் செய்கிறார்கள். சாதாரண பிளாஸ்டிக் பைகளை 2011-ல் விலக்கிய இத்தாலியில் இத்தகைய பைகள் வழக்கத்திலிருக்கின்றன.

இங்கேதான் ஏமாற்றத்திற்கு இடமுண்டாகிறது. “மக்கும்” என்ற ஒரு சொல்லை அச்சிட்டால் எதையும் விற்கலாம் என்று நினைப்போர் இருக்கின்றனர். ஐ.எஸ். 17088 என்னும் இந்தியத் தரத்தின்படி பரீட்சை நடப்பது ஏறக்குறைய 58 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணமுள்ள உரக்குவியலில். 180 நாளுக்குள் பொருளின் கரியில் 90 சதவிகிதம் கரியமில வாயுவாக மாறவேண்டும். வைகை மணலில் அந்த உஷ்ணம் நிலைத்திராது. பரீட்சையில் தேறிய பையுங்கூடக் கண்மாயில் எறியப்பட்டால் நெடுநாள் கிடக்கக் கூடும். தேறாத பையோ பொடிப்பொடியாகி மண்ணில் கலக்கும். நுண்துகளை மிச்சம் வையாத பொருளுக்கே அப்பெயர் உரியது என்று 2024-ம் வருஷத்து விதித் திருத்தம் கூறுவது சிலாக்கியமே. ஆனால் விதி ஏட்டிலும் பரிசோதனை எங்கோ தூரத்திலும் இருக்குமாயின், நேர்மையான சிறு உற்பத்தியாளருக்கு அதனால் லாபமில்லை. அவர் பொய்ச்சீட்டுக்காரரோடு போட்டியிட முடியாமல் நசித்துப்போவார்.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, குறைந்த கட்டணத்தில் சிறு உற்பத்தியாளரின் சரக்கைச் சோதித்துக் கொடுக்கும் நிலையம் மதுரையிலேயே வேண்டும். உணவோடு படும் உறையின் சுத்தத்தைப் பற்றி 2018-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகள் உண்டு. அவற்றையும் அங்கேயே சோதிக்க வேண்டும். பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு கலந்து சாலையிடும் முறையைக் கண்டு 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற பேராசிரியர் வாசுதேவன் நமது தியாகராசர் பொறியியற் கல்லூரியைச் சேர்ந்தவர். 1965 முதல் வேளாண்மைக் கல்லூரியும் இங்கே இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது, இயலாததை முதலில் தொடாமல், பழம், வெற்றிலை, தின்பண்டம் ஆகியவற்றிற்கான உறைகளிலிருந்து தொழிலை ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவது, மக்கும் உறைகளை நகரசபையார் தனியே சேகரித்து உரமாக்க வேண்டும். இல்லையேல் முன்னிரண்டும் பயன்படா.

பொதுநல ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. தள்ளுவண்டிக்காரரின் பையைப் பிடுங்குவது சுலபம். “மக்கும்” என்று அச்சிட்ட பையைக் கையிலெடுத்து, அதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று உண்டா என்று மொத்த வியாபாரியைக் கேட்பது கஷ்டம். கஷ்டமான அந்தக் கேள்வியை வாரம் ஒரு கடையிலாவது கேளுங்கள். சான்றுள்ள சரக்கு இன்னதென்று அறிந்தபின் தள்ளுவண்டிக்காரரிடம் போங்கள். அப்போது அவர் கையில் கொடுப்பதற்கு உங்களிடம் ஒரு பொருள் இருக்கும்.