கணக்குக் காட்டாத ஆகாரம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரைத் தமிழர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் சென்று காண வேண்டுமென்பது நமது விருப்பம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் தங்கள் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. இக்குடவோலை முறையைப் பற்றி முழங்காத மேடை நம் நாட்டில் இல்லை. ஆயினும் அக்கல்வெட்டின் விதிகளுள் ஒன்றை மட்டும் பிரசங்கிகள் எளிதில் மறந்து விடுகிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழலாகாது; அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் விழலாகாது என்பதே அவ்விதி.

சமீபத்தில் நாம் அவ்வூர் சென்றிருந்தோம். கோயிலைத் தரிசித்துக் கடைத்தெருவில் காப்பி அருந்த அமர்ந்தபோது, முதிய விவசாயி ஒருவர் தம் காப்பியில் இரண்டு கரண்டி நாட்டுச் சர்க்கரை போடச் சொன்னார். "எனக்குச் சர்க்கரை வியாதிங்க. வெள்ளைச் சர்க்கரையைத் தொட்டே பத்து வருஷமாச்சு. இது நாட்டுச் சர்க்கரை, ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார். அவருடைய காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது. அடுத்த கடையில் நடவு வேலைக்குச் சென்று திரும்பிய தாய் ஒருத்தி, அன்றைய கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்துத் தன் குழந்தைக்குச் "சத்து மாவு" டப்பா ஒன்று வாங்கிச் சென்றாள். இருவரும் அறியாமையால் வீண் செலவு செய்பவர்கள் அல்லர். உடல் நலத்தைக் கருதியே பணம் கொடுக்கிறார்கள். அந்த நல்லெண்ணத்தை முதலாக வைத்து வியாபாரம் நடைபெறுகிறது என்பதே நமது முறையீடு.

முதலில் நாட்டுச் சர்க்கரையை விசாரிப்போம். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பெறுபவையே. அவற்றில் 100க்கு 65 முதல் 85 பங்கு வரை சுக்ரோஸ் என்னும் அதே சர்க்கரைதான் இருக்கிறது. இரத்தத்தில் சேரும்போது அது வெள்ளை வழியாக வந்ததா, பழுப்பு வழியாக வந்ததா என்று உடல் கேட்பதில்லை. இரும்புச் சத்து உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் 10 கிராம் வெல்லத்தில் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம், அல்லது அதிலும் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் வகுத்த அளவின்படி நம் பெண்களுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 29 மில்லிகிராம். அதை வெல்லத்தால் நிரப்பப் புகுந்தால், இரத்த சோகை தீருமுன் வேறு நோய் வந்து சேரும்.

இங்கே நேயர்களிற் சிலர் நம்மீது வருத்தப்படக் கூடும். ஆலைச் சர்க்கரையை ஒதுக்கி வெல்லத்தையும், தீட்டிய அரிசியை ஒதுக்கிக் கைக்குத்தல் அரிசியையும் கொள்ளுமாறு மகாத்மா காந்தி உபதேசிக்கவில்லையா? 1934ல் அவர் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தில், தஞ்சையிற் பிறந்த குமரப்பா இவற்றுக்காக உழைக்கவில்லையா? வாஸ்தவமே. அரிசி விஷயத்தில் அவர்கள் சொன்னதை விஞ்ஞானம் அன்றே ஆதரித்தது. தவிட்டை நீக்கிய அரிசியைத் தின்ற கோழிகளுக்குப் பெரிபெரியை ஒத்த நோய் வருவதை 1890களில் ஜாவாவில் டாக்டர் எய்க்மன் கண்டார். அதற்காகவே 1929ல் நோபல் பரிசும் பெற்றார். வெல்லத்தின் விஷயத்திலோ, கிராமத்தானுக்குத் தொழில் கிடைக்க வேண்டும் என்ற நியாயம் பெரிதாக இருந்தது. அந்த நியாயம் இன்றும் செல்லும். பனைத் தொழிலாளியிடமும் கரும்பு விவசாயியிடமும் வெல்லம் வாங்குங்கள்; பொங்கலுக்கு இடுங்கள். ஆனால் தேசபக்தியைச் சாட்சியாக அழைத்து, மருத்துவ வழக்கில் வெல்லத்துக்கு விடுதலை கேட்பது முறையன்று. 2023ல் வெளிவந்த பெரும் ஆராய்ச்சி ஒன்றின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். அந்த நோய்க்கு முன் நிற்கும் போது நமது பழைய வாதங்களையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது.

கேழ்வரகும் அப்படியே. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துள்ள தானியம் அது. அதன் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் நைய அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அதன் மாவுச் சத்தும் விரைவிலேயே இரத்தத்தில் சர்க்கரையாகி விடும். கேழ்வரகு தானே என்று அளவின்றிக் குடிப்பவர் அரிசியை விட்டும் அரிசியின் பலனையே அடைகிறார். தினை, வரகு, சாமை ஆகியவற்றையும் வெண்மையாகத் தீட்டி விற்றால், எதற்காக அவற்றை நாடினோமோ அந்தத் தவிடும் நாரும் ஆலையிலேயே தங்கி விடுகின்றன. சிறுதானியப் பிஸ்கோத்து என்னும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலாக வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதாவும் அடுத்துச் சர்க்கரையும் நின்று, சிறுதானியம் கடைசியில் கைகட்டி நிற்குமானால், அந்தப் பெயர் அதற்கு எப்படி வந்தது?

அந்தத் தாய் வாங்கிச் சென்ற டப்பாவுக்கு வருவோம். பாலில் கலக்கும் மால்ட் மாவுகள் தலைமுறை தலைமுறையாக ஆரோக்கிய பானம் என்னும் பட்டத்தைத் தரித்திருந்தன. 2023ல் போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவு பற்றி நாடெங்கும் சர்ச்சை எழுந்தது. அப்போது அதன் 100 கிராமில் தனியாகச் சேர்த்த சர்க்கரை மட்டுமே சுமார் 37 கிராம். பின்னர் கம்பெனி அதனைச் சுமார் 32 கிராமாகக் குறைத்தது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்ற தலைப்பிலிருந்து நீக்குமாறு இணைய வியாபாரிகளுக்கு அறிவுறுத்தியது. காரணம் என்ன? 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆரோக்கிய பானம் என்றொரு வகையே கிடையாது! சட்டத்தில் இல்லாத பட்டத்தை இத்தனை காலம் இவற்றுக்குச் சூட்டியவர் யார்? விளம்பரமே. அந்தக் குழந்தைக்குப் பாலே போதும். மிஞ்சிய காசுக்கு ஒரு முட்டையோ ஒரு பிடி வேர்க்கடலையோ வாங்கியிருந்தால் அதன் உடம்பில் சதை பிடிக்கும்.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. 1971ல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுகோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். ஓ.ஆர்.எஸ். என்னும் அந்தக் கரைசலில், இன்றைய உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுப்படி, ஒரு லிட்டருக்குக் குளுகோஸ் 13.5 கிராமே இருக்க வேண்டும். அந்த மூன்றெழுத்தைத் தம் பெயரில் ஒட்டிக்கொண்டு, அதைப் போலப் பல மடங்கு சர்க்கரையுள்ள பானங்கள் கடைகளில் விற்கப்பட்டன. பேதியால் வாடும் குழந்தைக்கு மிகுந்த சர்க்கரை நீரைக் கொடுத்தால் பேதி அதிகமாகும். மருந்தென்று நம்பி எத்தனை தாய்மார் அதை வாங்கினார்களோ! ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் அம்மையார் ஏறக்குறைய எட்டு வருஷம் தனியே போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரை இப்பானங்களுக்கு வைப்பதைத் தடை செய்தது. ஒரு பெண்மணியின் பிடிவாதத்துக்கு நாம் தலை வணங்குகிறோம்; எட்டு வருஷத் தாமதத்துக்குத் தலை குனிகிறோம்.

எதை உண்பது என்பது அவரவர் இஷ்டம், சர்க்கார் ஏன் தலையிட வேண்டும் என்பர் சிலர். இஷ்டம் என்பது அறிந்து செய்வது. பொட்டலத்தின் முகத்தில் ஆரோக்கியம் என்று கொட்டை எழுத்தில் பறை சாற்றிவிட்டு, உண்மையை முதுகில் எறும்பு எழுத்தில் எழுதினால் அங்கே இஷ்டம் ஏது? அந்த எறும்பு எழுத்தும் எந்தப் பாஷையில்? 2020ஆம் வருஷத்து விதிகளின்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் இருந்தால் ஆட்சேபமில்லை என்பதோடு சரி. தமிழ் மட்டும் படித்த தாய்க்கு அந்த எழுத்து இருந்தும் இல்லாததே. தென்னமெரிக்காவில் உள்ள சிலி தேசம் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பொட்டலங்களின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை இட வைத்தது. எழுத்தறியாதவனுக்கும் அது விளங்கும். நம் நாட்டில் 2022ல் நட்சத்திர மதிப்பெண் திட்டம் ஒன்று நகலாக வந்தது. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, முகப்பு எச்சரிக்கை பற்றிய சிபாரிசுகளை மூன்று மாதத்துக்குள் முடிக்கும்படி கட்டளையிட்டது. சர்க்கரை மிக்க பண்டத்துக்கும் சில நட்சத்திரங்களைச் சூட்டும் ஏற்பாடு மற்றொரு விளம்பரமாகவே முடியும். நமக்கு வேண்டியது எச்சரிக்கை, அதுவும் தமிழில்.

சர்க்கார் செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. கிராம சபைகள் கூடும் நாட்களில், ஊரில் அதிகம் விற்கும் பத்துப் பொட்டலங்களை மேஜைமீது வைத்து, அவற்றின் முதுகில் உள்ளதைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு தமிழில் உரக்கப் படிக்கச் செய்யலாம். தேசத் தொண்டர்கள் இதற்கு முன்வர வேண்டும். இதற்குச் செலவில்லை, அரை மணி நேரம் போதும். இதனைத் தொடங்குவதற்கு உத்திரமேரூரைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

கணக்குக் காட்டாதவனைக் குடத்தில் சேர்க்க மாட்டோம் என்று கல்லில் எழுதியவர்களின் ஊர் அது. கணக்குக் காட்டாத ஆகாரத்தை, அது சீமையிலிருந்து வந்தாலும் சரி, நாட்டுப் பெயர் தரித்து வந்தாலும் சரி, நம் குழந்தைகளின் வயிற்றில் சேர்ப்பதற்கு மட்டும் நாம் ஏன் சம்மதிக்க வேண்டும்?