சோடாப் போத்தலும் உதைபந்தும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அத்தகைய அரசாங்க உத்தியோகம் கைக்கு வந்த பின்னரும், அதனை விட்டுப் பந்தின் பின்னே சென்ற ஒருவரின் வரலாற்றை இவ்வாரம் கூற விழைகின்றேன். அவர் நம் அயலாகிய கேரள நாட்டினர், பெயர் ஐ. எம். விஜயன்.

மைதானத்தின் ஓரத்திலே

விஜயன் 1969ஆம் ஆண்டு சித்திரைத் திங்கள் 25ஆம் நாள் திருச்சூரில் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தார். அந்நகரின் நகரசபை மைதானத்தில் உதைபந்தாட்டப் போட்டிகள் நடைபெறும். பார்வையாளர் மத்தியிற் சோடா விற்றுத் திரிந்த சிறுவருள் அவரும் ஒருவர். போத்தல் ஒன்றுக்கு அவருக்குக் கிடைத்த கூலி 10 பைசா. விற்பனை ஒருபுறம் இருக்க, அவர் கண்கள் மைதானத்தின் நடுவிலேயே நிலைத்திருந்தன. பள்ளிப் படிப்பு இடையிலே நின்றது, பந்தாட்டம் நிற்கவில்லை.

கேரளப் பொலிஸ் அணியினர் இளைஞனின் திறமையைக் கண்டு, ஏறக்குறைய பதினெட்டாவது வயதிலே அவரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டனர். 1990ஆம் ஆண்டு அவ்வணி இந்தியாவின் சம்மேளனக் கிண்ணத்தை வென்றது. இறுதிப் போட்டி எங்கே நடைபெற்றது? அதே திருச்சூர் மைதானத்திலே! எந்த மண்ணிற் சோடாப் போத்தல் சுமந்தாரோ, அந்த மண்ணிலேயே வெற்றி வீரருள் ஒருவராய் நின்றார். அடுத்த ஆண்டும் கிண்ணம் அவ்வணிக்கே உரியதாயிற்று.

கருமான்

1991இல் விஜயன் பொலிஸ் அணியை விட்டு, கல்கத்தாவின் புகழ்பூத்த மோகன் பகான் கழகத்திற் சேர்ந்தார். வங்காள இரசிகர்கள் அவரது விரைவையும் வளைந்து நெளிந்து செல்லும் அழகையும் கண்டு, "கருமான்" எனப் பொருள்படும் "காலோ ஹரின்" என்ற பெயரைச் சூட்டினர். பின்னர்ப் பஞ்சாபின் ஜே.சி.ரி., கேரளத்தின் எஃப்.சி. கொச்சின், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் எனப் பல கழகங்கள் அவரை வரவேற்றன. இந்தியாவின் சிறந்த வீரர் என்னும் விருது மூன்று முறை அவரைச் சேர்ந்தது. 1999இல் தெற்காசிய விளையாட்டு விழாவிலே பூட்டான் அணிக்கெதிராக, ஆட்டம் தொடங்கிய 12ஆவது விநாடியிலேயே பந்தை வலைக்குள் செலுத்தினார். 2003இல் ஐதராபாத்தில் நடைபெற்ற ஆபிரிக்க-ஆசிய விளையாட்டு விழாவில் நான்கு கோல்கள் அடித்துவிட்டு நாட்டின் அணியிலிருந்து விடைபெற்றார்.

ஆயினும் உலகக் கிண்ண மேடை அவருக்கு வாய்க்கவில்லை. இவ்விடத்திலே மற்றொரு முன்னணி வீரர் நினைவுக்கு வருகிறார். தென்கிழக்கு ஆபிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் 1942இற் பிறந்த யுசேபியோ, கந்தைத் துணி அடைத்த பந்தை வெறுங்காலால் உதைத்து வளர்ந்தவர். அவரை லிஸ்பன் நகரின் பென்பிகா கழகம் அழைத்துக்கொண்டது. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிற் போர்த்துக்கல்லுக்காக 9 கோல்கள் அடித்து உலகையே வியக்க வைத்தார். இருவரையும் ஈன்றது வறுமைதான். ஒருவருக்குக் கிடைத்த வாசல் மற்றவருக்குத் திறக்கவில்லை. திறமை ஒரு விதை. அது விழும் நிலமும் நன்றாயிருத்தல் வேண்டுமன்றோ?

நம் வீட்டுக் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். அவன் காலிற் பந்து பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் எதிரணிக்காரர் இருவர் பின்தங்கிவிடுவர். உயர்தர வகுப்புக்கு வந்ததும் அவன் மைதானத்தின் பக்கம் தலைகாட்டவில்லை. காரணம் கேட்டேன். "பந்தடிச்சுச் சோறு தின்னலாமோ எண்டு அப்பா கேக்கிறார், சேர்" என்றான். எனக்கு மறுமொழி வரவில்லை.

தந்தையின் அச்சம் பொய்யன்று. தொழில்முறைக் கழகமாகப் பெருமுழக்கத்தோடு எழுந்த எஃப்.சி. கொச்சின், 1997இல் டூரண்ட் கிண்ணத்தை வென்றும், பணமுடையாற் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. பந்தை நம்பிய பலர் பாதிவழியில் நின்றதும் உண்மையே. ஆகவே, படிப்பை விட்டுப் பந்தை உதையுங்கள் என்று மாணவருக்கு நான் கூறேன்.

எனினும் விஜயன் வரலாற்றின் முடிவையும் நோக்குங்கள். படிப்பு முற்றுப்பெறாத அவருக்குப் பொலிஸ் உத்தியோகத்தைத் தேடித் தந்தது பந்தே. ஆட்டத்திலிருந்து ஓய்ந்த பின் அதே பொலிஸ் சேவை அவரை மீண்டும் ஏற்றது. 2025இல் அதிலிருந்து ஓய்வுபெற்றார். அவ்வாண்டிலேயே இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்துப் போற்றியது. இடையிலே திரைப்படங்களிலும் நடித்தார். "திமிரு" படத்தில் வந்த அவரை நம்மவர் பலர் கண்டிருப்பர்.

குருநகர், பாசையூர், நாவாந்துறை ஆகிய நம் கரையோர ஊர்களில் இன்றும் மாலை வேளையிற் பந்து உருள்கின்றது. ஏனைய ஊர்களிலோ அதே வேளையிற் பிள்ளைகள் ஒரு ரியூசன் கொட்டகையிலிருந்து மற்றொன்றுக்குச் சைக்கிள் மிதிக்கின்றனர். பெற்றோரே, நாளொன்றில் ஒரு மணி நேரத்தை மைதானத்துக்கு விட்டுக்கொடுங்கள். உங்கள் பிள்ளை விஜயனாக வேண்டுமென்பதில்லை. அன்று அந்த மாணவனுக்குக் கூறாது விட்ட மறுமொழி இதுவே: சோறு பந்தினால் வாராது போகலாம், ஆனால் விழுந்தபின் எழுந்து ஓடும் பழக்கம் மைதானத்திலேதான் வரும்.