புகையை விட்டு ஆவிக்கு: குறைந்த செலவில் மின்சிகரெட்

அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை காத்திருப்போருக்கு நாட்கள் மிக நீண்டவை. வேலை செய்ய அனுமதியில்லை. குடும்பம் கடலுக்கு அப்பால். இந்த வெறுமையை நிரப்பச் சிகரெட்டைத் துணைக்கழைத்தவர்கள் எம்மிடையே ஏராளம். ஊரில் ஒருபோதும் புகைக்காதவர்கள்கூட இங்கு வந்தபின் பழகிக்கொண்டதை அறிவோம். தென்னாசிய வழிவந்தவர்களுக்கு இதயக் குருதிக்குழாய் நோய் வரும் வாய்ப்பு இயல்பாகவே கூடுதல். அதன்மேல் புகையும் சேர்ந்தால் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

பிரித்தானியாவில் இன்று 20 சிகரெட் கொண்ட பெட்டியின் விலை 15 பவுணைத் தாண்டிவிட்டது. நாளொன்றுக்குப் பத்துச் சிகரெட் புகைப்பவருக்கு வாரத்துக்கு 52 பவுணுக்கு மேல் செலவாகும். 2024 ஜனவரியில், தானே சமைத்துண்ணும் அகதி விண்ணப்பதாரருக்கென அரசு நிர்ணயித்த வாராந்த உதவிப்பணம் 49 பவுண் 18 பென்ஸ். அதாவது, உண்ணவும் உடுக்கவும் பயணஞ்செய்யவும் தரப்படும் முழுத்தொகையும் புகையாகப் போனாலும் கணக்கு நேராகாது. எனவேதான் பலர் கள்ளச் சிகரெட்டையும் தரமறியாப் புகையிலையையும் நாடுகின்றனர்.

புகையை முற்றாக விட முடிந்தவர் பாக்கியசாலி. முடியாதவர்களுக்கான ஒரு வழி மின்சிகரெட். அதை எப்படித் தொடங்குவது, குறைந்த பணத்தில் எப்படிச் செம்மைப்படுத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள். புகைக்கும் வயதுவந்தோருக்காகவே இது எழுதப்படுகின்றது. புகைக்காதவர்கள், குறிப்பாக எமது பிள்ளைகள், இதைத் தொடவேண்டிய தேவையே இல்லை.

கருவியும் அதன் இயக்கமும்

சீன மருந்தாளர் ஹொன் லிக் 2003ஆம் ஆண்டில் உருவாக்கிய கருவியிலிருந்தே இன்றைய மின்சிகரெட் வளர்ந்தது. அவர் தாமும் கடும் புகைப்பழக்கம் உடையவர். அவரது தந்தையார் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்.

கருவியின் தத்துவம் எளிது. ஒரு லித்தியம் பற்றறி, ஒரு சிறு உலோகச் சுருள், அச்சுருளினுள்ளே பஞ்சுத் திரி, அத்திரியை நனைக்கும் திரவம். மின்னோட்டம் பாயும்போது சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகின்றது. திரவம் புரோப்பிலீன் கிளைக்கோல், தாவரக் கிளிசரீன், நறுமணப் பொருள், நிக்கொட்டின் ஆகியவற்றின் கலவை. இங்கு எதுவும் எரிவதில்லை என்பதே முக்கியம். புகைப்பவரைக் கொல்லும் தாரும் காபன் மொனொக்சைட்டும் புகையிலை எரிவதால் பிறப்பவை. நிக்கொட்டின் அடிமைப்படுத்துகின்றது, ஆனால் புற்றுநோயைத் தருவது பெரும்பாலும் புகையே.

இதனால் ஆவி தீங்கற்றது என்றாகிவிடாது. பல்லாண்டுப் பயன்பாட்டின் விளைவுகள் இன்னும் ஆராயப்படுகின்றன. 2019இல் அமெரிக்காவில் ஆவி இழுத்தவர்களிடையே பரவிய நுரையீரல் நோயில் 68 பேர் உயிரிழந்தனர். அதற்கு முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது, கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெயில் கலக்கப்பட்ட விற்றமின் ஈ அசிற்றேற். பெயரற்ற திரவம் எதையும் வாங்கக்கூடாது என்பதே அது தந்த பாடம்.

பயன் உண்டா என்ற கேள்விக்கு, 2019இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு தெளிவான விடை தருகின்றது. புகையை நிறுத்த முன்வந்த 886 பேரில் ஒரு பகுதியினருக்கு நிக்கொட்டின் ஒட்டுப்பட்டி, மெல்லும் கோந்து போன்றவையும், மற்றவர்களுக்கு மீள நிரப்பும் மின்சிகரெட்டும் கொடுக்கப்பட்டன. இரு சாராருக்கும் ஆலோசனையும் வழங்கப்பட்டது. ஓராண்டின் முடிவில் முதற்சாராரில் 9.9 வீதத்தினரும் இரண்டாம் சாராரில் 18 வீதத்தினரும் புகையை விட்டிருந்தனர். மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும்: மின்சிகரெட்டால் புகையை விட்டவர்களில் ஐந்தில் நால்வர் ஓராண்டுக்குப் பின்னும் அக்கருவியைக் கைவிடவில்லை.

எதை வாங்குவது?

ஒருமுறை பயன்படுத்தி வீசும் கருவிகளின் விற்பனையை பிரித்தானியா 2025 ஜூன் 1இல் தடைசெய்தது. பெல்ஜியமும் பிரான்சும் அதே ஆண்டின் தொடக்கத்திலேயே தடைசெய்திருந்தன. அவற்றின் இடத்தில், நிரப்பிய குப்பிகளை மாற்றிப் பொருத்தும் கருவிகள் கடைகளில் நிறைந்துள்ளன. கருவி மலிவு, குப்பியே விலை. பணத்தை எண்ணிச் செலவிடுபவர் இவற்றைத் தவிர்த்து, புட்டித் திரவத்தைத் தாமே ஊற்றிக்கொள்ளும் சிறு கருவியை வாங்குவதே உத்தமம். 15 முதல் 25 பவுணுக்குள் நல்லது கிடைக்கும்.

கருவிகள் இருவகை. ஒன்று, சிகரெட்டைப்போல முதலில் வாயிலும் பின்னர் நுரையீரலிலும் இழுப்பது. மற்றது, நேரே நுரையீரலுக்குப் பெருமேகமாக இழுப்பது. புதியவர்களுக்கு முதலாவதே பொருத்தம். சுருளின் தடை ஏறத்தாழ 0.8 முதல் 1.2 ஓம் வரை இருந்தால் அது அவ்வகை. பற்றறியின் 3.7 வோல்ற்றை 1.2 ஓம் சுருளுக்குக் கொடுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 11 வாற்று. மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுக்கும் பள்ளிக்கூடக் கணக்குத்தான். இவ்வளவு சூடு போதும். பெருமேகக் கருவிகள் இதைவிடப் பலமடங்கு மின்னையும் திரவத்தையும் விழுங்கும்.

நிக்கொட்டின் அளவு

தொடங்குவோரிற் பலர் தோல்வியடைவது இங்கேதான். தீங்கு குறையட்டும் என்றெண்ணி மிகக் குறைந்த நிக்கொட்டினை வாங்குகின்றனர். ஆசை தணிவதில்லை, மூன்றாம் நாள் மீண்டும் சிகரெட். பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம். நாளுக்கு ஒரு பெட்டி புகைப்பவர் 18 அல்லது 20இலும், பத்துச் சிகரெட் புகைப்பவர் 12 அளவிலும் தொடங்கலாம். தலைச்சுற்றலோ குமட்டலோ வந்தால் அளவு கூடுதல். சிகரெட் ஆசை விடாவிட்டால் குறைவு. தொண்டை கரகரத்தால், அதே அளவில் ‘நிக்கொட்டின் உப்பு’ எனப்படும் வகையை நாடலாம். அது தொண்டைக்கு மென்மையானது.

இழுக்கும் முறையும் வேறு. சிகரெட்டைப்போல வேகமாக உறிஞ்சினால் திரவம் வாய்க்கு வரும். மூன்று நான்கு விநாடிகள் மெதுவாக இழுக்கவேண்டும். முதற் சில நாட்கள் இருமலும் வாய்வறட்சியும் வரலாம். தண்ணீர் அருந்தினால் சரியாகும். ஆவியும் சிகரெட்டுமாக இரண்டையும் நீண்டகாலம் தொடர்வதில் பெரும்பயன் இல்லை. முழுமையாக மாறுவதே இலக்காக இருக்கவேண்டும்.

செலவின்றிச் செம்மைப்படுத்தல்

கருவி சரியில்லை என்று புதியதை வாங்குவோர் பலருக்கு, பழையதைப் பேணும் முறை தெரிந்திருந்தாலே போதும்.

முதலாவது, புதுச் சுருளை நனைத்தல். பொருத்துமுன் அதன் பஞ்சில் சில துளி திரவத்தை இடவேண்டும். தாங்கியை நிரப்பியபின் பத்து நிமிடம் பொறுத்திருக்கவேண்டும். உலர்ந்த பஞ்சு ஒரே இழுவையில் கருகிவிடும். கருகிய சுருளைத் திருத்த இயலாது.

இரண்டாவது, வாற்று அளவு. பல சுருள்களில் உகந்த எல்லை பொறிக்கப்பட்டிருக்கும். அதன் கீழெல்லையில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்தி, சுவை நிறைவு தரும் இடத்தில் நிறுத்தவேண்டும். அதற்குமேல் போவது சுருளின் ஆயுளைக் குறைப்பதாகும்.

மூன்றாவது, திரவத்தின் இனிப்பு. மிட்டாய்ச் சுவைத் திரவங்களிலுள்ள இனிப்பூட்டி சுருளில் கருகி ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் உழைக்கக்கூடிய சுருள் சில நாட்களிலேயே பாழாகும். புகையிலைச் சுவை, புதினா போன்ற தெளிந்த திரவங்களைத் தெரிவுசெய்தால் சுருட்செலவு பாதியாகக்கூடும்.

நான்காவது, தூய்மை. சுருளைக் கழற்றிவிட்டு, தாங்கியை வாரமொருமுறை வெந்நீரில் அலசி நன்கு உலர்த்தவேண்டும். பற்றறியின் தொடுமுனைகளை உலர்ந்த பஞ்சால் துடைக்கவேண்டும். ‘கருவி பழுதாகிவிட்டது’ என்று எறியப்படுபவற்றில் பலவற்றின் நோய், தொடுமுனையில் ஒட்டிய பிசுக்கு மட்டுமே.

கலந்தும் சுற்றியும் சேமித்தல்

நிக்கொட்டின் கலந்த திரவத்தை 10 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட புட்டிகளில் விற்கக்கூடாது என்பது சட்டம். நிக்கொட்டின் இல்லாத பெரிய புட்டிகளுக்கு அந்தத் தடை இல்லை. 50 மில்லிலீற்றர் வெறுந்திரவத்துடன் 18 மில்லிகிராம் வலுவுள்ள 10 மில்லிலீற்றர் குப்பி ஒன்றைக் கலந்தால், 60 மில்லிலீற்றரில் மொத்தம் 180 மில்லிகிராம். அதாவது மில்லிலீற்றருக்கு 3. இது பெருமேகக் கருவிக்கே ஏற்றது. சிறுகருவி வைத்திருப்பவர், 10 மில்லிலீற்றர் நறுமணச் செறிவு மட்டும் ஊற்றி விற்கப்படும் 60 மில்லிலீற்றர் புட்டியை வாங்கி, அத்தகைய ஐந்து குப்பிகளை ஊற்றினால் 15 கிடைக்கும். கலக்கும்போது கையுறை அணியவேண்டும். தோலிற் பட்டால் உடனே கழுவவேண்டும்.

மின்னியல் கைவேலை தெரிந்தவர்கள் சுருளையும் தாமே சுற்றலாம். அதற்கெனத் தனித் தாங்கிகள் உண்டு. 28ஆம் இலக்க ‘கன்தால்’ கம்பியை 2.5 மில்லிமீற்றர் கோலில் ஏழு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 1.3 ஓம் வரும். ஒரு சுருட்கம்பியும் ஒரு பொதி பஞ்சும் பல மாதங்களுக்குப் போதும். ஆனால் தடையை அளக்கும் வசதியும், குறுஞ்சுற்றைத் தடுக்கும் காப்பும் உள்ள கருவியிலன்றி வேறெதிலும் இதைச் செய்யலாகாது.

வரிக்கணக்கையும் மனத்திற்கொள்ளவேண்டும். 2026 ஒக்டோபர் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்டு, நிக்கொட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 10 மில்லிலீற்றர் திரவத்துக்கு 2 பவுண் 20 பென்ஸ் தீர்வை என்று பிரித்தானியா வகுத்துள்ளது. பெறுமதிசேர் வரியுடன் 2 பவுண் 64 பென்ஸ். தீர்வை திரவத்தின் அளவுக்கு விதிக்கப்படுவதால் பெரும்புட்டியின் மலிவு குன்றும். குறைந்த திரவத்தில் கூடிய நிக்கொட்டின் தரும் சிறுகருவியே சிக்கனம் என்பது இதனால் மேலும் உறுதியாகின்றது. நாளுக்குப் பத்துச் சிகரெட்டை விட்டவருக்கு வாரம் இரண்டு சிறு புட்டிகளும் சுருளுமாக, தீர்வையின்றிப் பத்துப் பவுண் அளவிலும் தீர்வையுடன் பதினைந்து அளவிலும் செலவாகும். ஐம்பத்திரண்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கைவிடக்கூடாத எச்சரிக்கைகள்

ஒரே அறையில் நால்வர் உறங்கும் இடங்களில் எம்மவர் வாழ்கின்றனர். கட்டிலின்மேல் வைத்தோ, உறங்கும்போதோ மின்னேற்றாதீர்கள். கைத்தொலைபேசியின் அதிவேக மின்னேற்றியைப் பயன்படுத்தாதீர்கள். கழற்றக்கூடிய பற்றறியைத் திறப்புகளும் நாணயங்களும் உள்ள பையில் போடாதீர்கள். குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். மேலுறை கிழிந்த பற்றறியைத் தொடர்ந்து பாவிக்கக்கூடாது. ஆவி தீயறிவிப்பு மணியை ஒலிக்கச்செய்யக்கூடும்.

20 மில்லிகிராம் வலுவுள்ள ஒரு சிறு புட்டியில் 200 மில்லிகிராம் நிக்கொட்டின் இருக்கின்றது. ஒரு குழந்தையின் உயிருக்கு அது ஆபத்து. பூட்டிய இடத்தில் வையுங்கள்.

குளோசப்பின், ஒலான்சப்பின் ஆகிய மனநல மருந்துகளை உட்கொள்வோர் மிகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இம்மருந்துகளை உடல் விரைவாகக் கழிப்பதற்குச் சிகரெட்டின் புகையே தூண்டுகோலாக உள்ளது. புகை நின்றதும் குருதியில் மருந்தின் அளவு உயரும். எனவே மாறுமுன் மருத்துவரிடம் சொல்லியாகவேண்டும்.

பயணம் செய்வோர் கருவியைக் கைப்பையில்தான் கொண்டுசெல்லலாம், பொதிகளில் அனுப்பலாகாது. சிங்கப்பூரில் 2018 முதல் இதை வைத்திருப்பதே குற்றம். 2025இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. இந்தியா 2019இல் இதன் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தது. சென்னைக்கோ சிங்கப்பூர் வழியாகவோ செல்பவர்கள் இதை வீட்டிலேயே விட்டுச்செல்வது நல்லது.

இலவசமாகக் கேளுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். இங்கிலாந்தில் பத்து இலட்சம் புகைப்பவர்களுக்கு இலவசத் தொடக்கக் கருவி வழங்கும் திட்டத்தை அரசு 2023 ஏப்ரிலில் அறிவித்தது. உள்ளூராட்சி சபைகளின் புகைநிறுத்த சேவைகள் ஊடாகவே அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் பகுதியில் என்ன கிடைக்கும் என்பதைக் குடும்ப மருத்துவரிடமோ மருந்தகத்திலோ கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கூறவும் தயங்கவேண்டாம். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பது இதற்குத் தடையல்ல. ஆலோசனையுடன் முயல்பவரே கூடுதலாக வெற்றிபெறுகின்றார்.

இறுதியாக ஒன்று. இக்கருவி ஆற்றைக் கடக்க உதவும் தோணியே. அதிலேயே குடியிருக்க வேண்டியதில்லை. சிகரெட்டை மறந்து சில மாதங்கள் கழிந்தபின் 18ஐ 12 ஆக்குங்கள். 12ஐ 6 ஆக்குங்கள். பின்னர் 3, அதன்பின் எதுவுமில்லை. மீண்டும் சிகரெட்டைத் தேடும் ஆசை எழுந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். அந்தப் படியிலேயே சிறிதுகாலம் நில்லுங்கள். நாடும் வீடும் இழந்து வந்த எமக்கு எஞ்சியிருக்கும் பெருஞ்செல்வம் உடல்நலம். குடும்பம் வந்து சேரும் நாளில் அவர்களை வரவேற்க நாமும் நலமாக இருக்கவேண்டும்.